‘பங்குக் கிணறு’ நாடகம் பற்றிக் குடகு மச்சானுக்கு எழுதியது

அர்த்தநாரீசுவரர் துணை

பரமத்தி வேலூர்,
யுவ வருஷம், மாசி மாதம் 12-ஆம் தேதி.

குடகு மலையில் காப்பித் தோட்டத்து மேஸ்திரியாக விளங்கும் மகாகனம் பொருந்திய மச்சான் அர்த்தநாரி அவர்களுக்கு, கொடிக்கால் சின்னண்ணன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை கண்ணாத்தாளும் எருதுகள் இரண்டும் சுகம். வெற்றிலைக் கொடி இந்த மாசியில் நன்றாகத் தளிர் விட்டிருக்கிறது. அங்கு தாங்களும் அக்காளும் குழந்தைகளும் மலைக்குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்பதை மறுதபாலில் தெரியப்படுத்தவும்.

மச்சான், உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. தபால்காரர் கையில் இருக்கும்போது சாதாரணக் கடிதமாகத்தான் இருந்தது. பிரித்த பிறகுதான் அனல் அடித்தது. கரூர்ச் சந்தையிலிருந்து மலைக்கு வந்த எவனோ ஒருவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு, ‘என் தங்கை நாடகக்காரி ஆகிவிட்டாளாமே, மூன்று ஊர் சிரிக்கிறதாமே, மாப்பிள்ளை, நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று ஊர் சிரித்தது உண்மை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்து முடிக்கும்வரை கோபத்தை ஒரு பக்கமாக இறக்கி வைக்கவும்.

நம் கொடிக்கால் மேட்டு நிலம், வாய்க்கால் தண்ணீர் எட்டாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் என் சித்தப்பா மகன் நாச்சிமுத்துவுக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒரு நாள் அவன் எருது கட்டிச் சால் சாலாக இறைப்பான், ஒரு நாள் நான். முறைக்கு எண்பது சால் தண்ணீர் என்பது பெரியவர்கள் வைத்த கட்டு. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரையில் அவன் எண்பத்தோராவது சாலை இழுத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவன் இல்லை என்றான். அன்றோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து அவன் முறை நாளிலும் நான் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு சாலுக்கு ஒரு கூழாங்கல் என்று எடுத்துவைத்து எண்ணி வந்தேன். கண்ணாத்தாளுக்கு எந்நேரமும் வாயில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அவள் பாடினால் எனக்கு எண்ணிக்கை தப்பிவிடும். ‘சும்மா இரு’ என்பேன். இருந்துவிடுவாள். இதில் ஒரு தப்பும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. முறை முடிந்ததைச் சொல்லியாக வேண்டுமே, பேச்சுத்தான் இல்லையே, ஆகையால் நான் என் எருதைப் பார்த்து, “ஏண்டா மயிலை, எம்பது ஆச்சுன்னு அக்கட்டால நிக்கறவன்கிட்டச் சொல்லுடா” என்பேன். அவன் தன் எருதைத் தடவிக்கொடுத்து, “டேய் செவலை, எங்களுக்கும் எண்ணத் தெரியும்னு சொல்லுடா” என்பான். எருதுகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் காரியம் பதினோரு வருஷம் தடையில்லாமல் நடந்தது.

இப்படி இருக்கையில் போன ஆவணியில் பள்ளிக்கூடத்து வெள்ளியங்கிரி வாத்தியார் வெற்றிலை வாங்க வந்தார். அவர் ஆர்மோனியம் வாசிப்பவர். கண்ணாத்தாள் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே தன்பாட்டுக்கு ஏதோ முனகுவதைக் கேட்டுவிட்டு, வாங்க வந்த வெற்றிலையை மறந்து நின்றுவிட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். இவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். “என்ன கதை கட்டறீங்க?” என்று நான் ஒருநாள் கேட்டேன். “அண்ணன் தம்பி கதைதானுங்க” என்றாள். இராமரும் பரதரும் என்று நான் எடுத்துக்கொண்டேன். புண்ணியமான காரியம் என்று வாத்தியாருக்கு வரும்போதெல்லாம் மோர்கூடக் கொடுத்தேன்.

தை மாதம் முதல் சந்தை நாளில் எங்களூர் வாழைத்தார் மண்டியில் நாடகம் அரங்கேறியது. பகல் இரண்டு மணிக்கு என்று வைத்தது கண்ணாத்தாளின் யோசனை. பகலில் வைத்தால்தான் பெண்பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள் என்றாள். அந்த யோசனையால் எனக்கு நேர்ந்த கேடு என்னவென்றால், கொட்டகையில் இருந்த ஐந்நூறு பேருக்கும் என் முகம் தெளிவாகத் தெரிந்தது. பாட்டுக் கட்டியவளின் புருஷன் என்று என்னை முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் பட்டுக்கரை வேஷ்டியும் சந்தனப் பொட்டுமாக உட்கார்ந்திருந்தேன். திரை தூக்கினார்கள். இராமரையும் காணோம், பரதரையும் காணோம். ஒரு கிணறு. கிணற்று மேட்டில், தையற்கடை குப்பண்ணன், துண்டைச் சதுரமாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, மூன்று தரம் தொண்டையைச் செருமிவிட்டு, கூழாங்கல் எண்ணிக்கொண்டு பாடுகிறான்:

“எம்பது சாலு என் கணக்கு
எம்பத்தொண்ணை ஏன் எறைச்சே?
ஒத்தச் சாலு போச்சுதுன்னா
ஒலகந் தாங்குமா சொல்லு தம்பி!”

சனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மச்சான். உண்மையைச் சொன்னால் எல்லோரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். “இப்புடியும் ஒரு கிறுக்கன் இருப்பானா!” என்று வாய்விட்டுச் சொன்னேன். அதற்குச் சனங்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். என் பேச்சு இவ்வளவு நயமாக இருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அப்புறம் சாக்குத் துணியில் எருது வேஷம் கட்டி இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன்காரன் ஒரு எருதின் காதில் சொல்ல, தம்பிக்காரன் மற்ற எருதின் காதில் சொல்ல, எருதுகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டன. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த வெற்றிலைத் தரகர் சின்னுசாமி என் முழங்கையைத் தொட்டு, “ஏனுங்க, உங்களுக்கு நெசமாவே தெரியலீங்களா?” என்றார்.

“என்னத்த?” என்றேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். நான் கை வைத்துப் பார்த்தேன். அங்கே என் துண்டு சதுரமாக மடித்து இருந்தது.

மச்சான், அந்த நிமிஷம் எனக்குப் பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தால் மேடையை ஒருவரும் பார்க்கவில்லை, ஐந்நூறு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். எழுந்து போய்விடலாம் என்று வேஷ்டியை உதறிக்கொண்டு எழுந்து தொண்டையைச் செருமினேன். அதே சமயத்தில் மேடையில் குப்பண்ணனும் வேஷ்டியை உதறி எழுந்து செருமினான். கைதட்டல் ஓயச் சிறிது நேரம் ஆயிற்று. வேறு வழியில்லாமல் நான் உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். அதற்கும் தட்டினார்கள்.

போகட்டும். கதை மேலே எப்படிப் போகிறதென்றால், கோடை வருகிறது, கிணறு வற்றுகிறது, அண்ணன்காரன் பயிர் வாடுகிறது. தம்பி தன் முறைத் தண்ணீரை அண்ணன் வயலுக்கு ஒருவருக்கும் சொல்லாமல் திருப்பிவிடுகிறான். அண்ணன் கல்லை எண்ணுகிறான், எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பயிர் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று விளங்கவில்லை. அப்போது தம்பி பெண்சாதி ஒரு பாட்டுப் பாடுகிறாள்:

“மேல போற மேகத்துக்கு
மேக்க என்ன, கெழக்க என்ன?
மண்ணுக்குள்ள ஊறுந் தண்ணி
உன் பங்கா, என் பங்கா?
தாகமின்னு வந்து நின்னா
தள்ளி நிக்கச் சொல்லலாமா?”

சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை அடங்கிப்போயிற்று. பெண்கள் பக்கத்தில் நம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் ராமாயி எழுந்து நின்று, “சாமி, அந்தப் பாட்டை இன்னொருக்காப் பாடச் சொல்லுங்க சாமி” என்றாள். பாடினார்கள். மறுபடியும் கேட்டார்கள். நான்கு தரம் பாடிய பிறகுதான் கதையை நகர விட்டார்கள். நான் முகத்தைத் தூக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “இப்புடி என்னைய ஊரு சிரிக்க வெச்சிட்டயே, கண்ணாத்தா?”

அவள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: “ஊரு பதினோரு வருசமாச் சிரிக்குதுங்க. இப்பத்தான் பாட்டோட சிரிக்குது.”

பாலை இறக்கி வைத்துவிட்டு அவளே, “நான் பாடினா உங்களுக்குக் கணக்குத் தப்புதுன்னீங்க. பாடாம இருந்தனுங்க. ஆனா பாட்டு எங்கீங்க போகும்? உள்ளயே கெடந்து இத்தன நாளா ஊறிப்போச்சு” என்றாள். கிணற்றில் ஊறுவதை எண்ணத் தெரிந்த எனக்கு, வீட்டில் ஊறுவது தெரியாமல் போயிற்று, மச்சான்.

அடுத்த வாரம் மல்லசமுத்திரத்தில் நாடகம். இனிமேல் அந்தக் கொட்டகைப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்தத் தொண்டைச் செருமலையாவது விட்டுவிடும்படி குப்பண்ணனிடம் சொல்ல வேண்டியிருந்ததால் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. தலைப்பாகையை முகம்வரை இழுத்துவிட்டுக் கடைசியில் போய் உட்கார்ந்தேன். திரை தூக்கிக் குப்பண்ணன் கல் எண்ண ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த ஒரு விவசாயி தொடையில் தட்டிக்கொண்டு, “இது எங்கூட்டுப் பெரியப்பன் கதைங்க! இத இந்த வேலூர்க்காரங்களுக்கு யாருங்க சொன்னது?” என்றார். அவருக்கு முன்னால் இருந்தவர் திரும்பி, “உங்க பெரியப்பன் எதுக்கு வாராரு? இது எங்க கெழக்குக்காட்டுக் கேணிக் கதை” என்றார். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. நான்தான் சமாதானம் செய்து உட்கார வைத்தேன். இந்தக் கிறுக்கன் நான் ஒருவன்தான் என்று ஒரு வாரமாக வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுத முடியாது.

பாதி நாடகத்தில் இன்னொரு கூத்து நடந்தது. நல்ல உயரமான ஒரு மனுஷர் விறுவிறுவென்று மேடை ஏறி, “எண்ணுனது போதும், எந்திரிய்யா!” என்று குப்பண்ணன் முன்னாலிருந்த கூழாங்கற்களை வாரிக் கொட்டகைக்கு வெளியே எறிந்துவிட்டார். சனங்கள் ஆரவாரம் செய்தார்கள். கடைசியில் அண்ணன்காரன் மனம் மாறி அந்தக் கற்களைக் கிணற்றில் எறிய வேண்டும், அதுதான் நாடகத்தின் உச்சம். எறியக் கல் இல்லை. குப்பண்ணன் வெறும் கையைக் கிணற்றுக்கு மேலே நீட்டி விரித்து அப்படியே நின்றான். வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டார். அந்த வெறும் கையைப் பார்த்து அந்தக் கொட்டகையே அழுதது, மச்சான். மேடை ஏறிய அந்த மனுஷரும் அழுதார். இப்போது எல்லா ஊரிலும் கல் இல்லாமல் வெறும் கையோடுதான் ஆடுகிறார்கள். மல்லசமுத்திரத்தார் போட்ட பிச்சை.

முடிந்ததும், “பாட்டுக் கட்டின புலவர் யாருங்க, வரச் சொல்லுங்க!” என்று கத்தினார்கள். வாத்தியார் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்திவிட்டார். ஆயிரம் பேருக்கு எதிரில் என்ன பேசுவது? “புலவர் இல்லீங்க. என்ற சம்சாரம். கண்ணாத்தா. எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கல்லெண்ணினவன் நான்தானுங்க” என்றேன். வந்தது பாருங்கள் கைதட்டல்! ஒரு அம்மாள் மேடையோரம் வந்து, “மகராசனா இரு சாமி. ஒத்துக்கிட்டயே, அது போதும்” என்று என் தலையைத் தொட்டாள். நான் பிறந்து நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு கூட்டம் எனக்காகத் தட்டியது அதுதான் முதல் தரம்.

இறங்கி வரும்போது, வெளியே கட்டை வண்டிக்குப் பின்னால் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒருவன் பதுங்கி நின்றான். நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாச்சிமுத்து.

“நீ எங்கடா இங்க?” என்றேன்.

“நீங்க எங்கீங்க இங்க?” என்றான்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு எருது இல்லாமல் பேசிய முதல் பேச்சு இது. மனதில் கிடந்ததையே கேட்டுவிட்டேன்: “டேய், அன்னைக்கு நீ ஒரு சாலு எச்சா எறைச்சது நெசந்தானடா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஒண்ணு இல்லீங்ணா,” என்றான், “ரெண்டு.”

நான் அடிக்கக் கை ஓங்கினேன் என்றுதான் நினைக்கிறேன்; ஆனால் கை அவன் தோளில் போய் விழுந்தது. இருவரும் அந்த வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வண்டிக்காரன் பயந்து இறங்கிவிட்டான். ஊர்வரை இருவரும் ஒரே வண்டியில் வந்தோம். மறுநாள் அவன் முறையில் கிணற்று மேட்டில் கண்ணாத்தாள் பாடினாள். எத்தனை சால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி அயோத்தியாப்பட்டணத்தைப் பற்றி எழுத வேண்டும். நீங்கள் முக்கியமாகக் கேட்டது அதுதான். நாமக்கல் வந்து, சேலம் வந்து, பஸ் மாறி மாறி நானும் கண்ணாத்தாளும் நாச்சிமுத்துவுமாகப் போனோம். ஆத்தூர் சாலைக்காரர்களுக்கு நம் பேச்சு விளங்கவில்லை. ‘ஏனுங்க’ என்றால் சிரிக்கிறார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறார்கள். முன்னால் இருந்த பெரியவர் ஒருவர், “ராஜா எப்பய்யா வருவாரு?” என்று கேட்டார். கால்மணி நேரம் கழித்து, “கிரீடமே இல்லாம என்னாய்யா நாடகம்?” என்றார். எருதுகள் வந்ததும், “எமதர்மன் வந்துட்டான்!” என்று ஒருவன் கத்த, குழந்தைகள் அழ ஆரம்பித்தன. சீட்டி அடித்தார்கள். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். குப்பண்ணனுக்கு வசனம் மறந்துபோயிற்று. வாத்தியாருக்கு வேர்த்து வேர்த்து, அந்த மேகப் பாட்டைச் சீக்கிரம் எடுத்தாலாவது ஊர் அடங்கும் என்று ஆர்மோனியத் துருத்தியை ஓங்கி அழுத்தினார். துருத்தி கிழிந்துவிட்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தம்பி பெண்சாதி வேஷக்காரன் சுருதி இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

எங்கள் மானம் போகப்போகிறது என்று நாச்சிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போது பெண்கள் பக்கத்து மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. ‘மேல போற மேகத்துக்கு…’ ஆர்மோனியம் இல்லை, தாளம் இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் பாடுகிற மாதிரியே, ஒரு அவசரமும் இல்லாமல். மச்சான், நீங்கள் கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்: ஆம், உங்கள் தங்கை பொது இடத்தில் பாடினாள். மேடை ஏறவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே, முக்காடு விலகாமல் பாடினாள். எழுந்தவர்கள் நின்றபடியே நின்றுவிட்டார்கள். குழந்தைகள் அழுகையை நிறுத்தின. பேச்சு விளங்காத ஊருக்குப் பாட்டு விளங்கிற்று. இரண்டாம் தரம் அவள் பாடும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் தரம் இந்தப் பக்கமும். முடிந்தபோது அந்தப் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ராஜா வேணாம்யா. இதுவே போதும்” என்றார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுதானே கேட்டீர்கள்? பக்கத்தில் இருந்தவன், போனவன், வந்தவன், முறுக்கு விற்கிறவன் எல்லோரிடமும், “அது என்ற சம்சாரமுங்க, என்ற சம்சாரமுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முறுக்கு விற்கிறவனிடம் இரண்டு தரம் சொன்னேன். ‘சும்மா இரு’ என்று அவளைப் பதினோரு வருஷம் அடக்கியவன் நான் என்பதையும் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. உங்களிடம் மட்டும் எழுதுகிறேன்.

ஆகவே மச்சான், நம் குடும்பத்து மானம் போய்விட்டதென்று வருந்த வேண்டாம். மானம் இப்போதுதான் பஸ் ஏறி மூன்று ஊர் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. வைகாசித் தேருக்குத் திருச்செங்கோட்டில் நான்காவது ஆட்டம். தாங்கள் அவசியம் குடும்பத்தோடு புறப்பட்டு வந்து எனக்கும் நாச்சிமுத்துவுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அக்காளுக்கு எங்கள் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். மலைத்தெய்வம் உங்களைக் குளிரிலிருந்தும், மலைமேல் இருக்கிற அர்த்தநாரீசுவரர் உங்களைக் கோபத்திலிருந்தும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள மாப்பிள்ளை,
சின்னண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இதையும் எழுதும்படி ஆயிற்று. நேற்றிலிருந்து நாச்சிமுத்துவும் நானும் மறுபடி பேசுவதில்லை. நாடகத்தில் வரும் அண்ணன்காரன் நான் அல்லவாம், தானாம். எருதோடு முதலில் பேசியது தான்தான், தொண்டையைச் செருமுவதும் தன் வழக்கம் என்று சந்தையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சனங்களும் நம்பி அவனுக்குக் கும்பிடு போடுகிறார்கள். தண்ணீரை விட்டுக்கொடுக்கலாம், மச்சான், இதை எப்படி விட்டுக்கொடுப்பது? இருவரும் வழக்கைக் கண்ணாத்தாளிடம் கொண்டுபோனோம். அவள் வெற்றிலை அடுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: “நீங்க ரெண்டு பேருமே இல்லீங்க. எருதும் கல்லும் பொறவு சேத்தது. நான் நெனச்சுக் கட்டுனது எங்கண்ணனைத்தான். ஒம்பது வயசுல நான் தண்ணி சேந்தறப்ப கெணத்து மேல உக்காந்துக்கிட்டுக் கொடத்தை எண்ணுவாரு. ஒரு கொடம் எச்சா ஊத்திக்கிட்டா அம்மாகிட்டச் சொல்லுவாரு. என்ற முதல் பாட்டே அவரைத் திட்டிக் கட்டுனதுதானுங்க.” இப்போது நாச்சிமுத்துவும் நானும் மறுபடியும் பேசிக்கொள்கிறோம். பேச்செல்லாம் உங்களைப் பற்றித்தான்.